வடகடல் ஓரத்துப் பட்டாளத்தார் கல்: ஐந்துக்கு நாலு

வழி கேட்கும்போது 'போர் நினைவுச் சின்னம்' என்று கேட்காதீர்கள், டீக்கடைக்காரர் முழிப்பார். பட்டாளத்தார் கல் எங்கே என்று கேளுங்கள், சின்னப் பையன்கூடக் கையைக் காட்டுவான். மதுரை–ராமேஸ்வரம் நெடுஞ்சாலையில் உச்சிப்புளி தாண்டி, மண்டபம் வருவதற்கு முன்னால், இடது கைப் பக்கம் வடகடலுக்குப் போகிற ரோட்டில் திரும்ப வேண்டும். ஊர்ப் பெயரைப் போட்டுவிடாதே தாயி என்று கல்லைப் பார்த்துக்கொள்கிற சுபேதார் ஐயா கேட்டுக்கொண்டார். யாரோ வந்து கல்லுக்கு முன்னால் ஆடி ரீல்ஸ் போட்டதிலிருந்து, ராமேஸ்வரம் போகிற வேன்கள் எல்லாம் இங்கே நிறுத்தி செல்ஃபி எடுக்க ஆரம்பித்துவிட்டனவாம். அதனால் பெயர் கிடையாது. வர வேண்டியவர்கள் விசாரித்து வந்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு ராக்கெட், ஏவுகணை காட்ட வேண்டும் என்று வருகிறவர்கள் நேராகப் பாலம் தாண்டிப் பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடத்துக்குப் போங்கள். ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. கட்டியது, 2017-ல் திறந்தது, பிள்ளைகளுக்குப் பொழுது போவதே தெரியாது. இங்கே இருப்பது ஒரு கருங்கல் தூண், பக்கத்தில் உயரம் குறைந்த இன்னொரு கல், கொடிக்கம்பம், சிமெண்ட் பெஞ்சு இரண்டு, ஒரு பூவரச மரம், அப்புறம் கடல். அவ்வளவுதான். ராத்திரி தூங்காத ஓர் ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு, இவரை எங்கே கூட்டிப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். வீட்டுக்காரர் ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ், பெங்களூரு எம்.இ.ஜி.யில் இருந்தவர். பட்டாளம் முழுக்க அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். 1987-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். கண்ணிவெடி எடுக்கிற வேலை. திரும்பி வந்தபோது கை கால் எல்லாம் சரியாக இருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று குடும்பமே முடிவு செய்துகொண்டது. ரோட்டோரம் பிளாஸ்டிக் பை கிடந்தால் எட்டிச் சுற்றிக்கொண்டு போவார். தோண்டி மூடிய மண்ணை மிதிக்க மாட்டார். குடிதண்ணீர்க் குழாய் போட எங்கள் தெருவை நீளத்துக்குத் தோண்டி மூடினார்களே, அப்போது மாசக்கணக்கில் பக்கத்து வீட்டுத் திண்ணைகள் மேலேயே ஏறி இறங்கி டீக்கடைக்குப் போய்வந்தார். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு.

ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விடச் சொன்ன சொந்தக்காரர்கள் நிறைய. நம்பிக்கையோடு போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எல்லா மதத்துக்காரர்களும் போகிற இடம். ஆனால் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகியதைக் கேட்டு அழுத மாவட்டத்துக்காரி நான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ரொம்பக் காலம் கழித்து ஒரு மனநல மருத்துவர் பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனப் பாதிப்பு என்று எழுதி மாத்திரை கொடுத்தார். மாத்திரை இன்றைக்கும் ஓடுகிறது. கல்லைப் பார்த்தால் நோய் தீரும் என்று நான் எழுதியதாக யாரும் பரப்பிவிடாதீர்கள். கூப்பிட ஆள் இல்லாத வீடுகளுக்கு டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் இலவச எண் இருக்கிறது, 14416. தமிழில் பேசுவார்கள்.

சரி, கல்லுக்கு வருவோம். ரோட்டிலிருந்து இறங்கியதும் முழங்கால் உயரத்தில் ஒரு தகரப் பலகை. 'இங்கே வெடி வெடிக்கக் கூடாது. மைக் கட்டக் கூடாது.' பெயின்ட் வழிந்த எழுத்து. என்னைக் கேட்டால் அந்த இடத்திலேயே விலை மதிப்புள்ள பொருள் அந்தத் தகரம்தான். பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து, ஊர்க் கூட்டத்தில் பேசி வாங்கிய அனுமதி அது. நம் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக்காரர் வருகை எல்லாவற்றுக்கும் வெடிதான். அதை ஒரு திருப்பத்தில் நிறுத்துவது லேசுப்பட்ட காரியமா? கோயில் திருவிழாவில் சாமி புறப்பாடு இந்த வழியாக வரும்போது நான் பார்த்திருக்கிறேன். பூவரச மரம் கண்ணில் பட்டதும் வேட்டுப் போடுகிறவர் கையில் இருந்த ஊதுபத்தியை வாயில் கவ்விக்கொண்டு, வேட்டுப் பையின் வாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொள்வார். கொட்டுமேளம் மட்டும் போகும். அடுத்த தெருமுனையில்தான் மறுபடி பை திறக்கும்.

தீபாவளி ராத்திரிக்கு நாங்கள் இங்கே வந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் பாய், தண்ணீர்ப் பாட்டிலோடு வரும். வெடிக்குப் பயந்த நாயைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு டீச்சரும் உண்டு. நாய்க்கும் இங்கே அனுமதி இருக்கிறது. தூரத்தில் உச்சிப்புளிப் பக்கம் வானம் சிவப்பாகும், பச்சையாகும், சத்தம் மெலிசாகத்தான் வரும். இந்தப் பக்கம் பெண்கடல், அலைச் சத்தம்கூட அடக்கமாகத்தான் இருக்கும்.

தூணைப் பற்றி. வேலைப்பாடு சுமார் என்றுதான் சொல்ல வேண்டும். உச்சியில் கவிழ்த்து நிறுத்திய துப்பாக்கியும் அதன்மேல் இரும்புத் தொப்பியும் சிமெண்டில் செய்திருக்கிறார்கள். உலக்கைமேல் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து ஊதி, துப்பாக்கிக் கட்டையில் வெடிப்பு விட்டிருக்கிறது. அடுத்த வாடைக் காற்றுக்குள் சரிசெய்யாவிட்டால் தொப்பி யார் தலையிலாவது விழும். ஆனால் பெயர்கள் விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்திருக்கிறார்கள். ஒட்டவும் இல்லை, பெயின்டில் எழுதவும் இல்லை, விரல் நுனி உள்ளே போகிற அளவுக்கு ஆழமாகக் கொத்தியிருக்கிறார்கள். தங்க நிறப் பூச்சு எப்போதோ உதிர்ந்துவிட்டது, எழுத்து அப்படியே நிற்கிறது. கண் தெரியாத கிழவி ஒருத்தி பெயரைத் தடவியே கண்டுபிடிக்கிறாள்.

மேலே இருக்கிற பெயர் இரண்டாம் உலகப் போரில் பர்மாப் பக்கம் போனவருடையது. உடம்பு வரவில்லை, எங்கே விழுந்தார் என்றும் வீட்டுக்குத் தெரியாது. ரங்கூன் பக்கம் டாக்கியானில் இப்படிச் சமாதி இல்லாதவர்களுக்காகவே ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது, ஏறக்குறைய 27,000 பெயர்கள் அதில். அங்கே போகிற வசதி இந்தக் கடற்கரையில் யாருக்கு இருக்கிறது? அவருடைய பேரன் ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையிலோ அக்னி தீர்த்தத்திலோ தர்ப்பணத்தை முடித்துக்கொண்டு, சொம்பில் மிச்சத் தண்ணீரை எடுத்து வந்து இந்தக் கல்லின் அடியில் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

மற்ற பெயர்களுக்கும் அவரவர் முறை உண்டு. ஒரு பெயருக்கு நேராக மட்டும் குங்குமம் அப்பியிருக்கும், அது அம்மாவின் கை. டம்ளரில் டீ, இரண்டு வெண்ணெய் பிஸ்கட் வைப்பார். கேன்டீன் ரம்மில் ஒரு மூடி ஊற்றிவிட்டு, சல்யூட் அடித்துவிட்டுப் போகிற கூட்டாளிகளும் உண்டு. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிக் கள் படைத்த சனங்கள்தானே நாம், சரக்கு மட்டும் மாறியிருக்கிறது. கிறிஸ்தவப் பெயர் ஒன்று இருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் அதற்கு மெழுகுவத்தி. ஒரு முஸ்லிம் பெயரும் இருக்கிறது. அந்த வீட்டுப் பையன் ஓரமாக நின்று கையேந்தி ஓதிவிட்டுப் போவான். மறுநாள் காலையில் சுபேதார் ஐயா பழைய பிளேடால் மெழுகைச் சுரண்டி, எண்ணெய்க் கறையைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பார். மேல் வரியில் இருந்து குங்குமத் தண்ணீர் வழிந்து பாய் பையன் பெயர்மேல் இறங்கிவிடாமல், நடுவில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு கழுவுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

கொடி விஷயத்தில் மட்டும் அவர் கறார். 2022-ல் விதி மாறியபிறகு திறந்த இடத்தில் இரவும் பகலும் கொடி பறக்கலாம். இவர் கேட்பதில்லை. பொழுது விழுந்தால் இறக்கி, மடித்து, வீட்டுக்கு எடுத்துப் போகிறார். இந்தக் காற்றில் கதர்க் கொடி ஓரம் கிழிந்து நாராகிவிடுகிறது, கிழிந்த கொடியைப் பறக்கவிடவும் கூடாது. இப்போது பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி வந்துவிட்டதே ஐயா என்றேன். "அது உங்க காலத்து அனுமதிம்மா" என்றார். எனக்கும் அவருக்கும் பத்து வயசுதான் வித்தியாசம்.

இப்போது அந்தச் சின்னக் கல். இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத வந்தேன். பெரிய தூணுக்குப் பிறகு வைத்தது. பெயர் ஒன்றும் கிடையாது. 'கடலுக்கு அக்கரையில் போரில் இறந்த எல்லோருக்கும்' என்று ஒரே வரி.

இந்தக் கரையில் அந்த ஒரு வரியை நட்டு வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 30 கிலோமீட்டர் சொச்சம். 1983-க்குப் பிறகு அங்கிருந்து வந்தவர்கள் இறங்கியது இந்தக் கரையில். அவர்களில் பல பேர் இன்றைக்கும் மண்டபம் மறுவாழ்வு முகாமில் இருக்கிறார்கள். அதே கடலைத் தாண்டி எங்கள் ஆட்கள் போனதும் நடந்தது. அமைதிப்படையில் 1,100-க்கும் அதிகமான பேர் செத்துப்போனார்கள். பரம வீர் சக்ரா வாங்கிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் விழுந்தது 1987 நவம்பர் 25-ல், அங்கேதான். அங்கே செத்துப்போன தமிழ்ச் சனங்களுக்குக் கணக்கே இல்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படை கப்பலில் சென்னை திரும்பியபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது எனக்கும் புரியும். ஆனால் யூனிஃபார்மில் ஊருக்கு வர வெட்கப்பட்டுக்கொண்டு, பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் சட்டை மாற்றிக்கொண்டு வந்த ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்தினவள் நான். அமைதிப்படையில் செத்தவர்களுக்குக் கொழும்புப் பக்கம் கோட்டேயில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. இங்கே வீட்டில் யாழ்ப்பாணம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

அதனால் சின்னக் கல் வைக்கும்போது பெரிய சண்டை. எங்களைச் சுட்டவனுக்கும் இங்கே கல்லா என்று ஒரு பக்கம். அங்கே போய் அட்டூழியம் பண்ணினவனுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களுக்கு எதற்குக் கல் என்று இன்னொரு பக்கம். சுபேதார் ஐயாதான் முடித்து வைத்தாராம். "எல்லோருக்கும்னு வெட்டுங்கப்பா. யாரு யாருங்கறத அவங்கவங்க மனசுல வச்சுக்கட்டும்" என்றாராம். இன்றைக்கும் பெரிய தூணுக்கு மாலை போட்டுவிட்டு இந்தக் கல் பக்கம் திரும்பாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு தடவை முகாமிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், என் வயசுதான் இருக்கும். பஸ் ஏறித் தனியாக வந்து, சின்னக் கல்லில் ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தார். நான்தான் வாயைக் கொடுத்தேன், தீபாவளி நெருங்குகிறதே, பலகாரம் எல்லாம் ஆயிற்றா என்று. "இல்லை அக்கா, நாங்கள் தீபாவளி கொண்டாடுறேல்லை" என்றார். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய ராணுவம் சுட்டதில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். இவருடைய அண்ணன் அங்கே வேலை பார்த்தவர். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எதுவும் பேசவில்லை. வெயில் அந்த அம்மாமேல் விழுந்தது என்று எழுந்து நிழல் பக்கத்தைக் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து, எந்த ஊர் என்று கேட்டார். கொக்குவில். அங்கே ஸ்டேஷன் பக்கம் ஒரு கிணறு இருந்ததே, தண்ணீர் நன்றாக இருக்குமே என்றார். ஓம், இருந்தது என்றார் அந்த அம்மா. இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நான் கதை கட்ட மாட்டேன். அவர் எங்கே எப்படி அந்தக் கிணற்றைப் பார்த்தார் என்று அந்த அம்மா கேட்கவில்லை, கடைசி வரைக்கும் அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பஸ் வந்ததும் எனக்கு மட்டும் போய்வருகிறேன் சொன்னார். ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வீட்டுக்காரர் வாயிலிருந்து யாழ்ப்பாணத்தில் நல்லதாக ஒரு பொருளைப் பற்றி நான் கேட்டது அந்தக் கிணறுதான். வீடு வந்தபிறகும் அதைப் பற்றியே பேசினார். துலா, வாளி, சுற்றிலும் வாழை என்று.

டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்துக்கும் போயிருக்கிறோம். 2019-ல் திறந்தது, கிரானைட் சுவர்களில் 25,000-க்கும் மேல் பெயர்கள், அமைதிப்படையில் போனவர்களுடையதும் உண்டு. பிரமாண்டம், சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தேடிப்போன கூட்டாளியின் பெயர் முன்னால் நின்று, கூட்டம் தள்ளத் தள்ள நகர்ந்து, வெளியே வந்து ரயிலைப் பிடித்தோம். சென்னையில் நேப்பியர் பாலத்துப் பக்கம் இருக்கிறதே, அதை ஓடுகிற பஸ்ஸில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். ராமேஸ்வரத்தில் பிறந்து 1999 கார்கில் போரில் பட்டாலிக்கில் விழுந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. எங்கள் மாவட்டம், திருவாடானைப் பக்கம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15-ல் சீன எல்லையில் கல்வானில் போனார், வீர் சக்ரா கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு இங்கே யாரும் கூட்டம் போடவில்லை. சாயங்காலம் பார்த்தால் தூணடியில் யார் யாரோ வைத்துவிட்டுப் போன பூ குவிந்து கிடந்தது. பெரிய இடங்களில் பார்த்துவிட்டு வரலாம். இங்கேதான் அரை நாள் உட்காரலாம், எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க ஆளில்லை.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், காரணம் நிறைய இருக்கிறது. பத்து மணிக்கு மேல் பூவரச நிழல் ஒரு பெஞ்சுக்குத்தான் எட்டும், இன்னொன்றில் உட்கார்ந்தால் வெந்துவிடுவோம். சாய்மானம் கிடையாது. வருகிறவர்களில் பாதிப் பேர் இடுப்புவலிக்காரர்கள் என்று யோசிக்காமல் கட்டிவிட்டார்கள். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருப்பதால் திடீர் திடீரென்று ஹெலிகாப்டர் தாழப் பறக்கும். அதற்குத் தகரப் பலகை வைக்க முடியாது, யார் மேலும் தப்பு இல்லை. எங்கள் வீட்டுக்காரர் போல ஆட்களைக் கூட்டிவருகிறவர்கள் முன்னாலேயே சொல்லி வையுங்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வண்டிதாங்க" என்பேன். அது கடலுக்குப் போய்விட்டால் சரியாகிவிடுவார்.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் வராதீர்கள். தூணைவிடப் பெரிய முகங்களோடு ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள், மைக் கூடாது என்கிற பலகை முன்னாலேயே மைக் பேசும். கார்கில் நாள் ஜூலை 26 பரவாயில்லை. சுபேதார் ஐயா செல்ஃபோனில் 'லாஸ்ட் போஸ்ட்' பியூகிள் போடுவார், இரண்டு நிமிஷம் நிற்போம், சுண்டல் தருவார்கள்.

பஸ்ஸில் வருகிறவர்கள் நெடுஞ்சாலையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கலாம், சாயங்காலம் ஆறரைக்கு மேல் திரும்ப ஆட்டோ சிரமம். கழிப்பறைச் சாவி ரேஷன் கடைக்கு எதிர்வீட்டில் இருக்கிறது, பெண்கள் கேட்டால் உடனே தருவார்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள், இங்கே குழாயில் உப்புத் தண்ணீர்தான். டீக்கடையில் சுக்குக் காப்பி நன்றாக இருக்கும், வடையை நம்பாதீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள். கட்டாயம் இல்லை, மேடை ஏறும்போது எல்லோரும் கழற்றுகிறார்கள், மத்தியானத்தில் கால் சுடும். மாலை கொண்டுவந்தால் பிளாஸ்டிக் கவரைத் திரும்ப எடுத்துப் போங்கள். நீங்கள் போட்ட மாலையைக் கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளாடு வந்து தின்னும். விரட்ட வேண்டாம், அது சுபேதார் ஐயாவுடைய ஆடு.